பூண்டுப் பல்லுக்குள்ள ஒரு வைரஸ்: எப்படிக் கண்டுபிடிக்கிறது?

மயிலாடி, அஞ்சுகிராமம், சுசீந்திரம் பக்கமிருந்து காலேஜுக்கு வர்றவங்களுக்கு இந்தத் தேங்காயை நல்லாவே தெரியும். காம்புக்குக் கீழே தொப்பி மாதிரி மூடியிருக்கிற இதழுக்கு அடியில இருந்து வெளிறின நிறத்துல ஒரு முக்கோணத் தழும்பு கிளம்பும். காய் வளர வளர அது பழுப்பாகி, வெடிச்சு, சொரசொரப்பா ஆயிடும். காய் சிறுத்துப் போகும், மட்டை உரிக்க வராது. காரணம் ஈரியோபைட் சிலந்தி. இது வலை பின்னுற சிலந்தி இல்ல. கண்ணுக்கே தெரியாத, புழு மாதிரி உடம்புள்ள ஒரு சின்ன உயிர். இந்தியாவில் இது முதல்ல பதிவானது 1998-ல், எர்ணாகுளம் மாவட்டத்தில். அங்கேயிருந்து நம்ம தோப்புக்கு வர அதுக்கு ரொம்பக் காலம் ஆகல.

இந்தத் தென்னைச் சிலந்தியோட அறிவியல் பேர் அசேரியா குரெரோனிஸ். மெக்சிகோவில் உள்ள குரெரோ மாநிலத்தின் பேரை வைத்து, கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கீஃபர் என்ற ஆய்வாளர் 1965-ல் வைத்த பேர். இதே கீஃபர் 1938-ல், துலிப் கிழங்கில் இருந்த இன்னொரு சிலந்திக்கு அசேரியா துலிப்பே என்று பேர் வைத்திருந்தார். ரெண்டும் ஒரே பேரினம், அதாவது ஒண்ணுவிட்ட சொந்தம். தென்னைச் சிலந்தி சாறை உறிஞ்சுவதோட நிறுத்திக்கும். துலிப்பே அப்படி இல்ல. அது வெள்ளைப்பூட்டில் குடியிருந்து சாறையும் உறிஞ்சும், ஒரு செடியில இருக்கிற வைரஸை அடுத்த செடிக்கும் கொண்டுபோகும். அந்த வைரஸை எப்படி அடையாளம் காணுறது என்பதுதான் இந்தப் பாடம்.

"நம்ம ஊர்ல பூண்டே விளையாதே மக்கா, நமக்கு எதுக்கு இது?" என்று கேட்பீங்க. விளையாதுதான். தமிழ்நாட்டில் பூண்டு என்றால் நீலகிரியும் கொடைக்கானல் மலையும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் விளையுற கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைச்சது. கொடைக்கானல் பூண்டு வடுகபட்டிக்கு இறங்கும், நீலகிரிப் பூண்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும். அங்கே அதை வாங்குறவங்க எல்லாரும் சமையலுக்கு வாங்குறதில்ல என்பதுதான் விஷயம். ஊட்டிப் பூண்டை விதைக்காக வாங்கி மத்தியப் பிரதேசம் வரைக்கும் கொண்டுபோறாங்க. ஒரு மூட்டை விதைப்பூண்டு ஆயிரம் மைல் போகுதுன்னா, அதுக்குள்ள இருக்கிறதும் சேர்ந்துதான் போகும். அதுல என்ன இருக்குன்னு சொல்லத் தெரிஞ்ச ஆள் நாட்டுக்குத் தேவை. அந்த ஆள் வேளாண்மை படிச்சவராத்தான் இருக்கணும்னு இல்ல. இதுல பாதி வேலை அளவீடும் புள்ளியியலும்தான்.

(இந்தப் பூண்டைச் சாப்பிட்டா நமக்கு ஏதாவது ஆகுமா? ஆகாது. செடி வைரஸ் மனுசனைத் தாக்காது. ரசத்தைத் தைரியமா குடிங்க.)

பல்லுன்னா பிரதி

நெல், தக்காளி மாதிரி பூண்டை நாம விதை போட்டு வளர்க்கிறதில்ல. பல்லைப் பிரிச்சு நடுறோம். ஒரு பல்லில் இருந்து வர்ற செடி தாய்ச்செடியோட அப்பட்டமான பிரதி. நம்ம மொழியில சொன்னா காப்பி-பேஸ்ட். மூலக் கோடுல ஒரு பிழை இருந்தா காப்பி எல்லாத்துலயும் அதே பிழை இருக்கும் இல்லையா, அதே மாதிரி தாய்ச்செடியில வைரஸ் புகுந்துட்டா அது பல்லு வழியா அடுத்த வருசத்துக்கும் போகும். விதை வழியா இனப்பெருக்கம் ஆகுற பல பயிர்களுக்கு, விதையைத் தாண்டும்போது பெரும்பாலான வைரஸ்கள் கழிஞ்சுபோற ஒரு வசதி உண்டு. பூண்டுக்கு அது கிடையாது. வருசா வருசம் புதுசா ஒண்ணு சேரும், பழசு எதுவும் போகாது. அதனாலதான் ஒரு பூண்டை எடுத்துச் சோதிச்சா ஒரு வைரஸ் மட்டும் இருக்கிறது அபூர்வம். மூணு நாலு சேர்ந்தே இருக்கும்.

அந்தக் கும்பலில் மூணு குடும்பத்தைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டா போதும். போட்டி வைரஸ் வகையில வெங்காய மஞ்சள் குட்டை வைரஸும், லீக் மஞ்சள் கோடு வைரஸும் இருக்கு. கார்லா வைரஸ் வகையில ரெண்டு. இந்த ரெண்டு வகையையும் பரப்புறது அசுவினி. மூணாவதுதான் நம்ம ஆள்: அலெக்ஸி வைரஸ். பூண்டு, வெங்காயக் குடும்பத்தோட பேரான அல்லியம் என்பதோட எக்ஸ் என்ற எழுத்தைச் சேர்த்து வெச்ச பேர் இது. பூண்டு வைரஸ் ஏ, பி, சி, டி, ஈ, எக்ஸ் என்று வரிசையா இருக்கு. சிலந்தி பரப்புறது இதைத்தான். சுமார் 800 நானோமீட்டர் நீளம், 12 நானோமீட்டர் தடிமன், வளையக்கூடிய நூல் மாதிரி உருவம். உள்ளே ஒரே இழை ஆர்.என்.ஏ., கிட்டத்தட்ட 9,000 எழுத்து.

இதால நட்டம் உண்டா? அலெக்ஸி வைரஸ் இருந்தா செடி பெரும்பாலும் வெளியே ஒண்ணும் காட்டிக்காது, அதனால ரொம்ப நாள் இதை யாரும் பெருசா எடுத்துக்கல. 2006-ல் அர்ஜெண்டினாவில் வைரஸ் நீக்கிய பூண்டில் பூண்டு வைரஸ் ஏ-யை மட்டும் தனியா ஏத்திப் பார்த்தாங்க. குமிழோட எடை 14 முதல் 32 சதவீதம் வரைக்கும் குறைஞ்சது. இலையைப் பார்த்தா ஒண்ணும் தெரியாத நோய், மூணுல ஒரு பங்கு வரைக்கும் எடையைத் தின்னுடுது. விவசாயி அதை மண்ணு சரியில்ல, மழை சரியில்லன்னு கணக்கு எழுதிக்குவார்.

கண்ணை நம்பாதீங்க

முதல் படி வயல்ல இலையைப் பார்க்கிறது. இலையில மஞ்சள் கோடு, பச்சையும் மஞ்சளும் கலந்த தேமல், இலை முறுக்கிக்கிட்டு நிமிர முடியாம மடங்கி நிக்கிறது. இதையெல்லாம் குறிச்சுக்கணும். ஆனா தீர்ப்பு எழுதக் கூடாது. ஏன்னா சிலந்தி வெறுமனே சாறை உறிஞ்சினாலே இலை முறுக்கும், மஞ்சள் கோடு விழும். அது வைரஸ் மாதிரியே இருக்கும். இலைப்பேன் உறிஞ்சின இடம் வெள்ளி மாதிரி மினுங்கும். போட்டி வைரஸ் போடுற மஞ்சள் கோடு அலெக்ஸி போடுறதை விட எடுப்பாவே தெரியும். அறிகுறியை வெச்சு வைரஸைச் சொல்றது, ஸ்கிரீன் கறுப்பாச்சுன்னு சொன்ன உடனே ரேம் போச்சுன்னு சொல்ற மாதிரி. சில நேரம் சரியா இருக்கும், அவ்வளவுதான்.

ரெண்டாவது படி சிலந்தியைப் பார்க்கிறது. இதை நீங்களே செய்யலாம். வீட்டுல இருக்கிற பூண்டுல வத்திப்போன, பளபளப்பு இல்லாம மங்கின பல்லா எடுங்க. தோலை உரிச்சு, பல்லும் தோலும் ஒட்டியிருந்த இடத்தை நல்ல லென்ஸ் வெச்சுப் பாருங்க. 10 மடங்கு லென்ஸில் வெள்ளைத் தூசி மாதிரித் தெரியும், அவ்வளவுதான்; 40 மடங்கு மைக்ராஸ்கோப் கிடைச்சா உருவம் பிடிபடும். காகித மைக்ராஸ்கோப்பான ஃபோல்ட்ஸ்கோப் 140 மடங்கு காட்டும், அதுவே தாராளம். நீளம் 0.2 மில்லிமீட்டரை ஒட்டி. மயிலாடிப் பட்டறையில "ஒரு நூல் கூடிப்போச்சு" என்பாங்களே, அந்த ஒரு நூல் அங்குலத்துல எட்டில் ஒரு பங்கு. அதுக்குள்ள இந்தச் சிலந்தி பதினஞ்சு வரிசையா நிக்கலாம்.

காலை எண்ணுங்க. சாதாரணச் சிலந்திப்பேனுக்கு எட்டுக் கால். ஈரியோபைட்டுக்கு நாலே கால், அதுவும் தலைப்பக்கம் மட்டும். பின்னால நீளமா கேரட் மாதிரி உடம்பு. பூண்டிலேயே இன்னொரு சிலந்தியும் இருக்கும். அது உருண்டையா, பளபளன்னு, எட்டுக் காலோட, இதை விடப் பெருசா இருக்கும். அதைப் பார்த்துட்டு இதுதான் துலிப்பேன்னு முடிவு கட்டிடாதீங்க.

நாலு காலை எண்ணிட்டாலும் வேலை முடியல. இந்த இடத்தில் அறிவியல் உலகமே பல வருசம் இடறியிருக்கு. கனடாவில் ஸ்லைகுயிஸ் என்ற ஆய்வாளர் 1950-களில், கோதுமையைத் தாக்குற ஒரு கோட்டுத் தேமல் வைரஸை ஈரியோபைட் சிலந்திதான் பரப்புதுன்னு நிரூபிச்சார். அந்தச் சிலந்தியையும் அசேரியா துலிப்பே என்றே எழுதினாங்க. 1969-ல் கீஃபர் அசேரியா தோசிசெல்லா என்று ஒரு தனி இனத்தை விவரிச்ச பிறகுதான், கோதுமைச் சிலந்தி வேற, பூண்டுச் சிலந்தி வேறன்னு மெல்ல மெல்லத் தெளிவாச்சு. பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது "துலிப்பே கோதுமைக்கு வைரஸ் பரப்பும்" என்று பார்த்தா, ஆண்டைப் பாருங்க. இன்னிக்கு இந்தக் குழப்பத்தைத் தீர்க்க சிலந்தியோட டி.என்.ஏ.-வையே படிச்சுடுறாங்க.

இந்தச் சிலந்திக்கு இறக்கை கிடையாது. பயணம் காத்துல. இலை நுனிக்கு ஏறி, வால் நுனியை ஊன்றி நிமிர்ந்து நின்னு, காத்து அடிக்கும்போது பிடியை விட்டுடும். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காத்துல முப்பந்தல் காற்றாலை சுத்துறதைப் பார்த்த நமக்கு இது எவ்வளவு மலிவான போக்குவரத்துன்னு சொல்ல வேண்டாம். காத்தே இல்லாத இடத்துலயும் அது சும்மா இருக்காது. அறுவடை முடிஞ்சு மூட்டையில கட்டி வெச்ச பூண்டுக்குள்ள பல்லுக்குப் பல்லு நகர்ந்துகிட்டே இருக்கும். குடோன்ல இருக்கிற மாசங்களும் தொற்று மாசங்கள்தான்.

எலைசா: ஆரோக்கியமான பூண்டு எங்கே?

இனி லேபுக்குள்ள போவோம். ஒளி மைக்ராஸ்கோப்பில் வைரஸ் தெரியாது. 12 நானோமீட்டர் தடிமன் உள்ள பொருளை, சுமார் 400 நானோமீட்டருக்கு மேல அலைநீளம் உள்ள ஒளியால பிரிச்சுக் காட்ட முடியாது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் நூல் நூலா தெரியும். ஆனா போட்டியும் நூல், கார்லாவும் நூல், அலெக்ஸியும் நூல். நீளம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

அதனால வைரஸோட உறையைப் பிடிக்கிற ஆன்டிபாடியைப் பயன்படுத்துறாங்க. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. குழியோட அடியில ஆன்டிபாடி பூசி, அரைச்ச இலைச்சாறை ஊத்துறாங்க. வைரஸ் இருந்தா அது ஒட்டிக்கும். கழுவிட்டு, நொதி கட்டின ரெண்டாவது ஆன்டிபாடியை விடுறாங்க. அதுவும் ஒட்டும். மறுபடி கழுவி, நிறமில்லாத வேதிப்பொருளை விட்டா நொதி அதை மஞ்சளாக்கும். எவ்வளவு மஞ்சள்னு 405 நானோமீட்டர் ஒளியில அளக்கிறாங்க. இதுதான் எலைசா. எல்.இ.டி.யும் ஃபோட்டோடையோடும் வெச்சு இதைப் படிக்கிற கருவியை இ.சி.இ. மூணாம் வருசத்துல யாரும் செஞ்சுடலாம்.

சிக்கல் கருவியில இல்ல. எவ்வளவு மஞ்சள் இருந்தா 'இருக்கு'ன்னு சொல்றது? வழக்கமான விதி, ஆரோக்கியமான செடிகளோட சராசரியில திட்டவிலக்கத்தை மூணு மடங்காக்கிக் கூட்டணும். அதுக்கு மேல போனா பாசிட்டிவ். ஆனா அந்த ஆரோக்கியமான பூண்டுச் செடிக்கு எங்கே போறது? கடையில வாங்கின எந்தப் பூண்டையும் நம்ப முடியாது. வைரஸ் இருக்கிற செடியைக் கன்ட்ரோலா வெச்சீங்கன்னா கோடு மேல ஏறிடும், எல்லாச் செடியும் நெகட்டிவ்னு வரும். மகிழ்ச்சியான, முழுக்கத் தப்பான ரிசல்ட். அதனால இந்த வேலையோட முதல் செலவே, திசு வளர்ப்பு மூலமா வைரஸ் நீக்கிய செடியை உருவாக்கி, வலைக்கூண்டுக்குள்ள காப்பாத்தி வெச்சுக்கிறதுதான். என்னைக் கேட்டா, எலைசா கிட் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு லேபை இதை வெச்சுத்தான் எடை போடணும்: "உங்க கன்ட்ரோல் எங்கே இருந்து வந்தது?"

இன்னொரு தொல்லை, அலெக்ஸி குடும்பத்துக்குள்ள உறைகள் ஒண்ணுக்கொண்ணு ஒத்திருக்கு. ஒண்ணுக்குச் செஞ்ச ஆன்டிபாடி இன்னொண்ணையும் பிடிச்சுக்கும். அலெக்ஸி இருக்குன்னு சொல்லலாம், எதுன்னு சொல்றது சிரமம்.

எழுத்தைப் படிக்கிறது

எதுன்னு சொல்ல ஆர்.என்.ஏ.-வைப் படிக்கணும். ஆர்.டி.-பி.சி.ஆர். 2020-ல் மூக்குல குச்சி விட்டு எடுத்தாங்களே, அதே சோதனை. ஆர்.என்.ஏ.-வை டி.என்.ஏ.-வா மாத்தி, ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்குறது. 30 சுற்று முழுசா ஓடினா ஒரு மூலக்கூறு 107 கோடி ஆகும். அலெக்ஸி குடும்பத்துக்கே பொதுவா இருக்கிற ஒரு பகுதியைப் பிடிக்கிற பிரைமர் போட்டா குடும்பம் தெரியும். அந்தத் துண்டோட வரிசையைப் படிச்சா ஆள் தெரியும். உறைப்புரதம் அல்லது பெருக்க நொதியோட மரபணுவில எழுத்து ஒற்றுமை 72 சதவீதத்துக்குக் கீழே இருந்தா அது வேற இனம் என்பது வைரஸ் வகைப்பாட்டுக் குழு வெச்சிருக்கிற கோடு. பூண்டுல வழுவழுன்னு சர்க்கரைப் பொருள் அதிகம். அதை நல்லா நீக்காம ஓட்டினா பி.சி.ஆர். மக்கர் பண்ணும், வைரஸ் இருந்தும் இல்லைன்னு காட்டும்.

பிரைமருக்கும் ஒரு குறை உண்டு. நாம எதைத் தேடுறோமோ அதைத்தான் அது காட்டும். எதிர்பார்க்காத ஆள் உள்ளே இருந்தா தெரியாது. அதுக்கு வந்ததுதான் மொத்தமா வரிசை படிக்கிற முறை. செடி தன்னைத் தாக்குற வைரஸோட ஆர்.என்.ஏ.-வை 21, 22 எழுத்துத் துண்டுகளா வெட்டித் தள்ளும். அது செடியோட தற்காப்பு. அந்தத் துண்டுகளை லட்சக்கணக்கில் படிச்சு, ஒண்ணோட ஒண்ணு பொருத்தி, மூல வைரஸைக் கட்டி எழுப்பிடலாம். கிழிச்சுப்போட்ட கடுதாசியை ஒட்டுற மாதிரி. இது முழுக்க அல்காரிதம் வேலை, சி.எஸ்.இ. ஆளுங்க பார்த்துக்குவாங்க.

கண்டா போதாது, கடத்துதுன்னு காட்டணும்

செடியில வைரஸ் இருக்கு, அதே செடியில சிலந்தியும் இருக்கு. அதனால சிலந்திதான் பரப்புச்சா? இல்ல. பஸ்ல நானும் இருந்தேன், பிக்பாக்கெட்டும் நடந்ததுன்னா நான்தான் திருடன்னு ஆயிடாது. வைரஸ் உள்ள செடியில இருந்து சிலந்தியை ஒரு கண்ணிமை முடியால எடுத்து, வைரஸ் இல்லாத செடியில விட்டு, அசுவினி புகாத கூண்டுல வளர்த்துச் சோதிக்கணும். பக்கத்துலயே, வைரஸ் இல்லாத சிலந்தி விட்ட செடியும் சிலந்தியே விடாத செடியும் நிக்கணும்.

இந்த ஒரு வரிச் சங்கிலியை முடிக்க நம்ம நாட்டுல எவ்வளவு காலம் ஆச்சுன்னு துவரைக்கிட்ட கேளுங்க. துவரையில மலட்டுத் தேமல் நோய்னு ஒண்ணு. செடி பச்சைப் பசேல்னு செழிச்சு நிக்கும், பூக்கவே பூக்காது. பீகாரில் உள்ள பூசாவில் 1931-ல் பதிவானது. அசேரியா பேரினத்துச் சிலந்திதான் பரப்புதுன்னு 1962-ல் நிரூபணம் ஆச்சு. ஆனா அது எதைப் பரப்புதுன்னு தெரியல. பட்டாஞ்சேருவில் உள்ள இக்ரிசாட் ஆய்வாளர்களும் ஸ்காட்லாந்து ஆய்வாளர்களும் சேர்ந்து, அது பல துண்டு ஆர்.என்.ஏ. கொண்ட ஒரு புது வைரஸ்னு எழுதினது 2003-ல். எழுபது வருசம்! பிடிச்ச பிறகு தெரிஞ்சது: ஒத்தைச் சிலந்தி கடிச்சாலே 53 சதவீதம் வரைக்கும் தொற்று, ஐந்துக்கு மேல விட்டா நூறு சதவீதம். வைரஸை ஏத்திக்க அதுக்கு 15 நிமிசம் போதும்.

எத்தனை பூண்டு எடுக்கணும்?

சரி, ஒரு மலை விவசாயி விதைப்பூண்டு மூட்டையோட வந்து நிக்கிறார்னு வெச்சுக்குவோம். எத்தனை குமிழ் சோதிப்பீங்க? மூட்டையில பத்துக்கு ஒண்ணு வைரஸ் உள்ளதுன்னா, 20 குமிழ் எடுத்தும் ஒண்ணுகூட மாட்டாம போக வாய்ப்பு 0.9-ஐ இருபது தடவை பெருக்கினது, அதாவது 12 சதவீதம். இதை 5 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர 29 குமிழ் வேணும். இதுல ஒரு ஓட்டை உண்டு. ஒரே குமிழுக்குள்ளயும் வைரஸ் எல்லாப் பல்லிலும் சமமா இருக்காது. ஒரு பல்லைச் சோதிச்சு முழுக் குமிழுக்கும் சான்று கொடுத்துடாதீங்க. ரெண்டு மூணு பல்லில் இருந்து எடுத்துக் கலந்து அரைங்க. மூட்டையோட மேல்பக்கம் இருந்து மட்டும் எடுக்காதீங்க. நல்ல பூண்டு எப்பவும் மேலேதான் இருக்கும், இது எல்லா வியாபாரத்துக்கும் பொருந்தும்.

எலைசா தட்டும் பி.சி.ஆர். மெஷினும் மன்னவனூருக்குப் போகாது. போகக்கூடியது லாம்ப் என்ற சோதனை. பி.சி.ஆர். மாதிரி சூட்டை ஏத்தி இறக்க வேண்டாம். 65 டிகிரி செல்சியஸை ஒட்டி ஒரே சூடு, ஒரு மணி நேரத்துக்குள்ள குழாய்ல நிறம் மாறும். தேவைப்படுறது சூட்டைச் சீரா பிடிச்சு வெச்சிருக்கிற ஒரு அலுமினியக் கட்டை, பேட்டரி, நிறத்தைப் படிக்க ஒரு சென்சார். கடைசி வருச ப்ராஜெக்டுக்குத் தலைப்பு தேடுறவங்க மறுபடியும் தானியங்கித் தெருவிளக்கு செய்யுறதுக்கு முன்னாடி இதை யோசிக்கலாம். குழாய் எட்டு வைங்க. அதுல ஆறு விவசாயியோட பூண்டுக்கு. ஒண்ணு வைரஸ் உறுதியான மாதிரிக்கு, இன்னொண்ணு வைரஸ் நீக்கிய பூண்டுக்கு. கடைசி ரெண்டும் சரியா வராத நாளில் மத்த ஆறையும் படிக்காதீங்க, அன்னிக்கு ரிசல்ட் இல்லைன்னு அவர்கிட்ட சொல்லிடுங்க.